தனி ஜெபம்

தான் தங்கியிருந்த மாடியறைக்கு டீ கொண்டுவந்த சேசம்மாளின் மூச்சைக் கேட்டதுமே சகோதரர் தேவபிச்சை தலையைத் தூக்கிப் பார்த்தார். ஏணிப்படி ஏறி வந்தவளுக்கு மூச்சு வாங்கும்தான். இது அப்படியில்லை. ஆழமாக, வேகமாக, ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தது. குனிந்து டம்ளரை வைத்தபோது அவள் வாயிலிருந்து அழுகிய பழ வாடை வந்தது. அந்த மூச்சை அவருக்குத் தெரியும். ஒரு காலத்தில் அது அவருடைய மூச்சாக இருந்தது.

அந்தக் கதையைக் கேட்காத தமிழ்க் கிறிஸ்தவ வீடு தாராவியில் கிடையாது. தோல் பட்டறையில் வேலை பார்த்த வாலிபன் சர்க்கரை முற்றி நினைவில்லாமல் கிடந்தான், டாக்டர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் தொட்டார், எழுந்தான். இந்தச் சாட்சியை வைத்துத்தான் அவருடைய ஊழியம் மலேசியா வரை போனது. அதில் ஒரே ஒரு துண்டு விட்டுப்போயிருந்தது. கைவிட்டதாகச் சொன்ன அந்த டாக்டர்கள்தான் இன்சுலின் போட்டு அவரை எழுப்பினார்கள். இன்றுவரை அவர் ஊசியை விடவில்லை. முதல் மேடையில் நேரம் போதாமல் அதைச் சொல்லாமல் விட்டார். அடுத்த மேடையில் ஜனம் அழுவதைப் பார்த்துச் சொல்லாமல் விட்டார். அதற்கப்புறம் சொல்ல வாய் வரவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு அவர் செய்யும் தனி ஜெபம் பேர்போனது. தங்கும் வீட்டில் அந்த நேரம் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பாதிப் போதகர்கள் தாங்களும் கதவைச் சாத்த ஆரம்பித்திருந்தார்கள், பாவம். அவருடைய வேதாகமத்தின் ஜிப் உறைக்குள் இன்சுலின் பேனா இருந்தது.

பம்பாய் வந்தால் ஹோட்டல் வேண்டாம், பட்டறைக் காலத்துக் கூட்டாளி இன்னாசிமுத்து வீடே போதும் என்பார். இந்த முறையும் அப்படித்தான். செம்பூர் மைதானத்தில் கூட்டம் தொடங்கிய அன்று, இன்னாசிமுத்துவின் மனைவி சேசம்மாளின் தலையில் கைவைத்து ஜெபித்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் தன் சர்க்கரை ஊசிமருந்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, "விசுவாசத்துல விட்டுட்டேன் ஐயா," என்றாள். சுற்றியிருந்தவர்கள் அல்லேலூயா என்றார்கள். அவரும் சொன்னார். இன்று கடைசி நாள் கூட்டம். சாயங்காலம் மேடையேறி அவள் சாட்சி சொல்வதாக ஏற்பாடு.

கீழே வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. அவர் இறங்கி வந்தபோது சேசம்மாள் அரிசி டிரம்மில் சாய்ந்து கிடந்தாள். ஜெபக்குழுப் பெண்கள் சுற்றி நின்று கைதட்டி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆட்டோ கூப்பிடுதேம்ப்பா," என்று அழுதாள் மகள் ஜாக்குலின்.

"சும்மா இரிட்டி. இது சத்துருவோட சோதன. அதான் ஐயா வந்துட்டாவல்லா," என்று அதட்டினாள் குழுவை நடத்தும் ஜோஸ்பின்.

எல்லாரும் அவருக்கு வழிவிட்டார்கள். இவள் செத்துவிடுவாளோ என்று பயப்படுவதற்கு முன்னால், யார் ஜெபித்துச் செத்தாள் என்று ஊர் கேட்குமே என்றுதான் பயந்தார். வெட்கக்கேடுதான். ஆனால் மனசு முதலில் அங்கேதான் ஓடியது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க," என்றார்.

சேசம்மாள் கண்ணைத் திறந்தாள். "நீங்களே இப்படிச் சொல்லலாமா ஐயா? நீங்க ஊசி போட்டுத்தானா எந்திரிச்சிய?"

இன்னாசிமுத்து தூக்கப் பார்த்தான். அவள் மாடியைத் தாங்கிய இரும்புத் தூணைக் கட்டிக்கொண்டாள். "நான் வரமாட்டேன். சாட்சி சொல்லணும்." ஒரு ஆள் ஒடுங்கித்தான் போக முடிகிற சந்து, தாராவிக் கல்லி அது. திமிறுகிறவளை எப்படித் தூக்கிப்போவது?

தேவபிச்சை மேலே போனார். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் யாரும் தட்டமாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்கு அழைத்துப்போகச் செம்பூரிலிருந்து கார் வந்துவிடும். அந்த நினைப்பு வரத்தான் செய்தது. வேதாகமத்தை எடுத்துக்கொண்டு திரும்ப இறங்கினார்.

சேசம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஜிப்பைத் திறந்து பேனாவை எடுத்து, சட்டையைத் தூக்கினார். வயிறெல்லாம் ஊசித் தழும்பு. எல்லாரும் பார்க்கக் குத்திக்கொண்டார்.

"இதுதாம்மா என் தனி ஜெபம். ஆமா, ஊசி போட்டுத்தான் எந்திரிச்சேன். இன்னிக்கு வரைக்கும் போடுதேன்."

கைதட்டல் நின்றுபோனது. ஜோஸ்பின் முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சேசம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றையே பார்த்தாள். தூணைப் பிடித்திருந்த கை நழுவியது. அவளாக விட்டாளா, பலமில்லாமல் விட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னாசிமுத்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

இன்சுலினை நிறுத்தவைத்தது யார் என்று ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஹிந்தியில் கேட்டார்: "இன்சுலின் கிஸ்னே பந்த் கராயா?"

இன்னாசிமுத்துவும் ஜாக்குலினும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இப்போதும் தேவபிச்சையைக் காட்டிக்கொடுக்க அவர்களுக்கு மனசில்லை. அதுதான் அவரை அறைந்தது.

"மைனே," என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நேற்றும் ஒரு ஆள் இதே மாதிரி ஊசியை நிறுத்திவிட்டு வந்ததாக ஹிந்தியில் சொன்னார். இவள் பிழைப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். போகிற போக்கில் திரும்பி, "அவுர் கித்னே லோக் ஹை?" என்றார்.

இன்னும் எத்தனை பேர்? நாக்பூர், கோயம்புத்தூர், கோலாலம்பூர் என்று மைதானம் மைதானமாகத் தேவபிச்சையின் கண்முன் வந்தது. எந்த வீட்டில் யார் எதைச் சாக்கடையில் கொட்டினார்களோ?

போன் அடித்தது. கூட்ட ஏற்பாட்டாளர் சாஜன். "ஐயா, எங்க இருக்கீங்க? கிரவுண்டு நிறைஞ்சிருச்சு." பின்னால் பாட்டும் கைதட்டலும் கேட்டது. ஜனத்திரளைக் கண்டு அவர் பயந்ததே கிடையாது. இன்று அந்தச் சத்தத்தைக் கேட்கவே பயமாக இருந்தது.

"சாஜன், பாட்ட நிறுத்து. போன எடுத்து மைக்குப் பக்கத்துல வையி."

பாட்டு நின்றது. திரைக்கு அந்தப்பக்கம் சேசம்மாளின் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அது நின்றுவிடுமோ என்று காதை அங்கேயே வைத்துக்கொண்டு அவர் பேசினார்.

"நான் தேவபிச்சை பேசுதேன். என் பேச்சக் கேட்டு ஊசிய, மாத்திரைய நிறுத்துனவிய யாரும் இருந்தா இப்பவே எந்திரிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஜெபம் முடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க. நான் உங்ககிட்ட பாதிதான் சொன்னேன்."