செவ்வாய்க்கிழமைகளில் கிழக்கே போன தீவு

1988 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பினாங்குத் தீவு, பெருநிலத்துக்கு மேற்கே இருந்தது போதும் என்று கிழக்கே போய்விட்டது. யாருக்கும் காயமில்லை. பெருநிலக் கரையிலுள்ள பட்டர்வொர்த் போகும் ஃபெரி, மாலுமியின் கைப்பழக்கத்தால் புறப்பட்ட துறைக்கே திரும்பி வந்தது. கிழக்கு பார்த்த பிள்ளையார் மேற்கு பார்த்தார். குருக்கள் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாம் முறை பூசை செய்தார்.

காரணம் எளிது. பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுத் துறைப் பேராசிரியர் பதவிக்கு அன்று தேர்வு விரிவுரை. முதலில் பேசிய டாக்டர் விநாசித்தம்பி, செயற்கைக்கோள் எடுத்த பினாங்குப் படத்தைப் பதற்றத்தில் ஸ்லைடு இயந்திரத்தில் முன்பின்னாகச் செருகிவிட்டார். திரையில் இடம் வலமானது. வெளியே தரையும் அப்படியே ஆனது. படத்தைத் தரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அந்தத் துறையில் கடைசிப் பரீட்சை. தேர்வுக் குழுவினர் படத்தைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், முழு மதிப்பெண் போட்டார்கள்.

மதியம் செல்வநாயகியின் முறை. பதினான்கு வருடம் விரிவுரையாளராகவே இருந்தவர்; ஏற்கெனவே இரண்டு முறை கேட்டும் அந்தப் பதவி கிடைக்காதவர். அவருடைய படங்கள் எல்லாம் சரியானவை, ஆகவே இப்போது தப்பானவை.

“மேடம், எல்லா ஸ்லைடையும் திருப்பிப் போட்டுடுறேன்லா. வேலை கிடைச்சிரும்,” என்றார் ஆய்வக உதவியாளர் தங்கராஜு.

“வேணாம் தம்பி. நானும் திருப்பினா தீவு இப்படியே நின்னுடும்.”

நேராகவே போட்டார். குழுத் தலைவர் சிக்கந்தர் ஜன்னலைக் காட்டி, “தரையோட ஒத்துப்போகலையே, டாக்டர்?” என்றார்.

“என் படம் சரிங்க. தரைதான் தப்பு.”

பூஜ்யம் போட்டார்கள். பத்து நிமிடம் கழித்து, தீவு கொஞ்சம் அசடு வழிந்தபடி மேற்கே திரும்பி வந்தது. ஆனால் மையால் எழுதிய மதிப்பெண்ணை மாற்ற விதியில் இடமில்லை. பதவி விநாசித்தம்பிக்குப் போனது. இதைவிட அநியாயத்தை நான் கேட்டதில்லை.

புதிய பேராசிரியருக்குச் செவ்வாய்தோறும் காலை பத்தரைக்கு வகுப்பு, அதே ஸ்லைடு, அதே பதற்றம். செல்வநாயகிக்கு மதியம் வகுப்பு, அதே தீவை இழுத்துவரும் வேலை. ஊர் பழகிக்கொண்டது. ஒரு மணிக்கெல்லாம் வீடுகளிலிருந்து துறை அலுவலகத்துக்கு ஃபோன் வரும்: “செல்வநாயகி அக்கா கிளாஸுக்குப் போயாச்சா? வெயிலு அந்தப் பக்கம் போயிருச்சு, துணி காயலலா.”

ஏழு வருடம் கழித்து விநாசித்தம்பி ஓய்வு பெற்றார். பதவிக்கு விளம்பரம் வந்தபோது வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. குழு விரிவுரையும் கேட்கவில்லை. நியமனக் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை காலை, செல்வநாயகி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பத்தரை மணி வகுப்புக்குப் போனார். தீவு மேற்கிலேயே இருந்தது.