நிற்காமல் போன சுற்று

ஜன்னா எங்களைப் பார்த்துவிட்டாள். டிராம் நிறுத்தத்தில் ரினாத் என் மஃப்ளரை இழுத்து முடிந்துவிட்டான். முடிந்த கையை எடுக்காமல் அப்படியே என் கன்னத்தில் வைத்தான், அவ்வளவுதான். பொடியன்களாக இருந்த காலத்திலிருந்து ஒரே பனிச்சறுக்குத் தளத்தில் விழுந்து எழுந்தவர்கள் நாங்கள். இருபது வயதில்தான் காதல் என்று புரிந்தது. அதற்குப் பிறகு நாலு பேர் நடமாடும் இடத்தில் அவன் என்னைத் தொட்டது அந்த ஒரே தடவைதான். பாவி, அதை க்லெபின் அம்மா ஜன்னாவின் கண்ணெதிரிலா செய்ய வேண்டும்!

க்லெபும் எங்களோடு பனிச்சறுக்கு நடனப் பயிற்சி எடுப்பவன்தான். ரஷ்யாவில் எங்கள் பெர்ம் நகரத்திலிருந்து தேசியப் போட்டிக்கு இரண்டு பேர்தான் போக முடியும். இத்தனை நாளும் அந்த இரண்டு இடமும் எனக்கும் ரினாத்துக்கும்தான். க்லெப் மூன்றாவது. அவன் அம்மாவுக்கு அது நெஞ்சில் முள்.

தேர்வுப் போட்டியன்று காலையில் எங்கள் பயிற்சியாளர் இனெஸ்ஸா மார்க்கோவ்னா இருவரையும் உடை மாற்றும் அறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“டேய், நான் எதுவும் கேக்கல. நீங்களும் எதுவும் சொல்லாதீங்க. அந்த ஜன்னா விடியறதுக்குள்ள என்கிட்ட வந்து நிக்கிறா. ‘இன்னிக்குக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கப் போறேன், நிச்சயமாச்சுன்னா நேரா போலீஸ்தான்’கிறா. இன்னிக்கு நீ யாரோ, அவன் யாரோ. புரிஞ்சுதா?”

“அப்ப இவன் பிளாஸ்க்ல டீ குடிக்கக் கூடாதா?” என்றான் ரினாத்.

“பல்லு எகிறிடும், ராஸ்கல்! போன வருஷம் அந்த நடனப் பள்ளிக்கூடத்துப் பையனை என்ன பண்ணாங்கன்னு மறந்துடுச்சா?”

மறக்கவில்லை. வகுப்பு நடக்கும்போதே வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இப்போதெல்லாம் எங்கள் ஊரில் ஆணும் ஆணும் காதலிக்கிறார்கள் என்று ஒரு வாய் சொன்னால் போதும், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இனெஸ்ஸா மார்க்கோவ்னா எங்களை அதட்டிவிட்டு, யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ரினாத்தின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அங்கிருந்து நகர்ந்தேன்.

போட்டிக்கு முன்னால் ஆறு பேரையும் ஒன்றாகத் தளத்தில் இறக்கிப் பழகவிடுவார்கள். ஆளுக்கொரு பக்கம் சுற்றுவோம், தாவிப் பார்ப்போம். ஜன்னா முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள். கையில் போன். அந்தப் போன் என் முதுகிலேயே குத்திக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. ரினாத் எந்தப் பக்கம் போகிறானோ அதற்கு எதிர்ப்பக்கமாகவே நான் ஓடினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மூன்றரைச் சுற்றுத் தாவலில் கால் வழுக்கி, ரினாத் தலை அடிபட விழுந்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

அரங்கமே ‘ஐயோ’ என்றது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் என் மண்டைக்குள் ஒரே ஒரு குரல்தான்: நிற்காதே, அவள் பார்க்கிறாள். நான் நிற்கவில்லை. அவனைத் தாண்டிப் போனேன். ஒரு தாவல் தாவினேன். சுத்தமாக இறங்கினேன்கூட, வெட்கக்கேடு. மறுபடி சுற்றி வந்தபோது அவன் கண் மூடிக் கிடந்தான். அப்போதும் தாண்டிப் போனேன். தூக்குப்படுக்கையில் வைத்து அவனை வெளியே கொண்டுபோகும் வரைக்கும் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

எனக்கு முன்னால் ஒருவன் ஆட வேண்டியிருந்தது. அவனுடைய இசை தொடங்கியதும் சறுக்குக் காலணிகளின் கத்திகளுக்கு உறை மாட்டிக்கொண்டு நடைவழியில் போய் நின்றேன். ஜன்னா அங்கே வந்தாள்.

“ஸஹார், ஒண்ணு சொல்லட்டுமா?”

“சொல்லுங்க ஆன்ட்டி.”

“அங்க ஆறு பேரு இருந்தீங்க. அவன் விழுந்ததும் நாலு பேரு ஓடி வந்து நின்னாங்க. என் பையனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவனே ஜாக்கெட்டக் கழட்டி அவன் தலைக்கு அடியில வெச்சான். நீ மட்டும்தான் நிக்கல. திரும்பிக்கூடப் பாக்கல.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பகையாளிகூட நின்னு பாத்திருப்பான்ப்பா. மறைக்க ஏதோ இருக்கிறவன்தான் இப்படி ஓடுவான். காலையில எனக்குப் பாதி சந்தேகம்தான் இருந்துச்சு. இப்ப முழுசா நிச்சயமாயிடுச்சு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மடையன், மடையன்! ஒளிக்கிறேன் ஒளிக்கிறேன் என்று ஊருக்கே தண்டோரா போட்டிருக்கிறேன். நண்பனாக இருந்தாலே நின்றிருக்கலாமே. யாராக இருந்தாலும் நிற்கலாம் என்பதுகூட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

உறை மாட்டிய கால்களோடு மருத்துவ அறைக்கு ஓடினேன். டாக்டர் ஆம்புலன்ஸைப் பார்க்க வாசலுக்குப் போயிருந்தார். ரினாத் தலையில் கட்டோடு படுத்திருந்தான். கண் திறந்திருந்தது. பக்கத்தில் மண்டியிட்டு அவன் கையைப் பிடித்தேன். ஜில்லென்றிருந்தது.

“பைத்தியமா உனக்கு? கதவு தெறந்திருக்கு, கைய விடு” என்றான்.

“வலிக்குதாடா?”

“அதை விடு. நீ நிக்கலதானே?”

“நிக்கல.”

“அப்பாடா.” அவன் கண்ணை மூடிக்கொண்டான். “விழுந்த உடனே அதான் பயம். நீ ஓடி வந்துருவியோன்னு. வந்திருந்தா அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். சொல்லி ஒரு நிமிடத்துக்குள் தளத்தில் நிற்காவிட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

“உன்னைத்தான்டா கூப்பிடறாங்க. ஓடு.”

“கேக்குது.”

“ரெண்டு பேருமா நாசமாப் போகணும்? போடா!” கையை உருவப் பார்த்தான். நடைவழியில் யாரோ வரும் காலடிச் சத்தம் கேட்டது. அவன் இன்னும் வேகமாக இழுத்தான்.

“தெரிஞ்சுபோச்சு ரினாத்” என்றேன். “நான் நிக்காததாலதான் தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் நின்னாங்க. நான் மட்டும் நிக்கல.”

அவன் என்னையே பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் கண் கதவுப் பக்கம் போய் என்னிடமே திரும்பி வந்தது. மறுபடியும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. காலடிச் சத்தம் கதவுக்குப் பக்கத்தில் வந்தது.

அவன் கை இழுப்பதை நிறுத்தியது. பிறகு என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. எனக்குப் பயம் கொஞ்சமும் குறையவில்லை, அவனுக்கும்தான். ஆனால் இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து பயந்தோம்.