ஆவுடைத்தாய் கேட்ட கேள்வி

புறப்பட்டு நிற்கிறவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. தென்காசியில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை என்றால் ‘தூரமா?’ என்று பட்டும் படாமலும் கேட்டு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். இவ்வளவும் தெரிந்த ஆவுடைத்தாய்தான் பிப்ரவரியில் ஒரு காலை நேரத்தில் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இ-சேவை மையத்தில் வேலை. பேர் என்ன, எந்த ஊர், எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு வாய் பழகிவிட்டது. அன்று சிநேகிதி அலிமாவின் மகன் அஹ்சன் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான் என்று வழியனுப்ப ஓடினாள். கார் புறப்படத் தயாராக நின்றது. மூச்சிரைக்க ஜன்னலுக்குள் தலையை விட்டவள், “ஏலே அஹ்சா, எங்கன போறே? எந்த ஊரு?” என்று கேட்டுவிட்டாள்.

அலிமாவின் மாமியார் முகம் கறுத்துப்போனது. அஹ்சன் பதில் சொல்ல வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். கார் போய்விட்டது.

பத்து நாளில் அஹ்சன் தெருவில் நடமாடுவதாகச் செய்தி வந்தது. கம்பெனி சரியில்லையாம், திரும்பிவிட்டானாம். அதற்கப்புறம் அலிமாவிடமிருந்து ஒரு போன் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுத் தின்றவள். ஆவுடைத்தாயும் கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவாள்? ஒரு பையனின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்றே நம்பினாள். அலிமா இருக்கும் தெருவை விட்டுவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். இனி அலிமா ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்ற நினைப்பு அவளை அரித்தது.

அந்த அலிமாதான் ஜூலை மாதம் போன் செய்தாள். “ஞாயித்துக்கெழம ஐந்தருவிக்கு வா. ஒரு விசயம் நேர்லதான் சொல்லணும்.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று ஆவுடைத்தாய் முடிவு கட்டினாள். கேட்டால் கேட்கட்டும், கேட்டுத் தொலைத்தாலாவது மனசு ஆறும் என்று போனாள். அருவிக்கரையில் சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. அலிமா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஆவுடைத்தாய்க்குக் கண் விரிந்தது.

“வண்டி எப்பம் படிச்ச?”

“மே மாசம். ரெண்டு மட்டம் விழுந்தேன். ரெண்டும் முகம்மது சலீம் அண்ணாச்சி கடை வாசல்லதான். இப்பம் என் தலையக் கண்டாலே மனுசன் வாழத்தார உள்ள எடுத்து வச்சுருதாரு.”

இருவரும் பெண்கள் பக்கம் போய்க் குளித்தார்கள். தலை துவட்டிக்கொண்டு பஜ்ஜிக் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கல்யாண சீசனில் ப்ளவுஸ் தைத்துத் தைத்துக் கழுத்து பிடித்துக்கொண்டதை அலிமா சொன்னாள். மகள் சத்யபிரியாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததை ஆவுடைத்தாய் சொன்னாள். அவள் போகும்போது வளர்க்க வாங்கிக் கொடுத்த எட்டு கப்பி மீன் இப்போது முந்நூறு ஆகிவிட்டதையும் சொன்னாள்.

“வீட்டுல ஒரு வாளி மிச்சமில்லட்டி. எங்க வீட்டுக்காரரு குளிக்கதுக்கு வாளி தேடி அலையுதாரு.”

அலிமா பழையபடி பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். ஆவுடைத்தாய்க்குத்தான் சிரிப்பு வரவில்லை. விசயத்துக்கு எப்போது வருவாளோ என்று காத்திருந்தாள். கடைசியில் அவளே உடைத்தாள்.

“ஏட்டி, அன்னைக்கு நான் வேணும்னு கேக்கல. சத்தியமா வாய் தவறிட்டு. அஹ்சன் பிழைப்பு என்னாலதான...”

“உன்னாலதான்” என்றாள் அலிமா. “அதச் சொல்லத்தான் வரச் சொன்னேன். முழுசா கேளு. சூப்பர் மார்க்கெட்ல பில்லு போடுத வேலைனு ஏஜெண்டு ஒரு காண்ட்ராக்ட் தாளு குடுத்தான்லா, அது முழுக்க அரபி. எங்க வீட்டுலதான் எல்லாருக்கும் குர்ஆன் ஓதத் தெரியுமே! மாமி அத எழுத்துக் கூட்டி சத்தமா ஓதி, கண்ணுல ஒத்திக்கிட்டு மடிச்சுக் குடுத்தா. அர்த்தம் ஒருத்தருக்கும் தெரியாது.”

“பொறவு?”

“நீ எந்த ஊருனு கேட்டியா, இவனுக்குப் பதில் தெரியல. மஸ்கட்டுனா மஸ்கட்ல எங்கன? ஆரியங்காவு மலையத் தாண்டியும் அதே நெனப்பா போயிருக்கான். ஏர்போர்ட்ல ஒரு மலையாளத்துக்காரரு. இருபது வருசம் அங்கன இருந்தவரு. அவருட்ட தாள நீட்டி, எந்த ஊரு போட்டிருக்குனு கேட்டிருக்கான். அவரு படிச்சுட்டு, ‘மோனே, போகண்டா’ன்னாராம். பாலைவனத்துக்குள்ள ஈச்சந்தோட்ட வேலையாம். நாலு வருசத்துக்கு ஊருக்கு வரவே முடியாதாம். அப்படியே திரும்பிட்டான்.”

ஆவுடைத்தாய் பெஞ்சில் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“பொறவு ஏம்ட்டி எங்கிட்ட சொல்லல?”

“வாசல் வரைக்கும் போயி திரும்பிட்டான்னு சொல்ல மாமிக்கு வெக்கம். கடையநல்லூர்ல எங்க அக்கா வீட்டுல பத்து நாளு ஒளிச்சு வச்சிருந்து, கம்பெனி சரியில்லனு ஊர்பூரா சொல்லிட்டோம். ஊருக்கு நான் எம்புட்டுப் பொய்யும் சொல்லிருவேன். உம் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வரமாட்டேங்கு. அதான் போனே போடல.”

ஆவுடைத்தாய் அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கையோடு அவள் தோளிலேயே சாய்ந்து அழுதாள். ஐந்து மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. அப்பாடா என்றிருந்தது. “பாவி மட்ட, தெருவச் சுத்திச் சுத்தி என் காலே தேஞ்சுபோச்சு” என்றாள் அழுகையோடு. பஜ்ஜிக்காரர் எதுவும் கேட்காமல் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

“இப்பம் அதே நாட்டுல, சலாலாங்குத ஊருல ஒரு மருந்துக்கடையில வேலை கிடைச்சிருக்கு” என்றாள் அலிமா. “தாள தமிழ்ல எழுதி வாங்கி, வரிக்கு வரி வாசிச்சாச்சு. வார புதன்கிழம கிளம்புதான். நீ வரணும்.”

“நானா? தாயே, என் வாயப் பத்தித் தெரிஞ்சுமா கூப்பிடுத? நான் வீட்டுலயே கெடந்து சாமி கும்பிட்டுக்கிடுதேன்.”

“மாமிதான் உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னா. நீ வந்து கேக்காம கார எடுக்கக் கூடாதுனு சொல்லிட்டா.”

ஆவுடைத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“காரு எத்தன மணிக்கு?” என்றாள்.