ஏழாம் இலக்க அம்புலன்ஸ்

என் மகள் கிளோறியா பிறந்த அன்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அம்புலன்ஸை நான் முப்பத்தெட்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். கட்டில் இல்லை, தலையணை இல்லை, பின் சீற்றுக்கூட இல்லை. நாலு ரயர், அதன்மேல் ஒரு கம்பளி, அவ்வளவுதான். ஓட்டி வந்தவனுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிறவன், அவனுக்கென்ன நன்றி என்று இருந்துவிட்டேன்.

அப்போது நான் டென்மார்க்குக்கு வந்து மூன்று கிழமை. ரண்டர்ஸில் ஒரு மாடிவீடு. என் மனுசன் குருசுமுத்து, பேக்கரியில் வேலைக்குப் போயிருந்தார். ஞாயிறு காலை நோவு தொடங்கியதும் பக்கத்து வீட்டு மனுசி ரெலிபோன் எடுத்தாள். கார் வரும் என்று கையால் ஓட்டிக் காட்டினாள். எனக்கா பொறுமை? பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடு ரோட்டில் நின்றேன். வெள்ளைக் கார் ஒன்று வந்தது. பக்கத்தில் சிவப்புக் கோடு, முன்னால் நாலு பெரிய லைற், கதவில் ஏழு என்று இலக்கம். அம்புலன்ஸ் இல்லாமல் வேறென்ன? உள்ளே குறுக்கும் நெடுக்கும் இரும்புக் குழாய்கள் இருந்தன. பிள்ளைத்தாய்ச்சிகள் பிடித்துக்கொண்டு முக்குவதற்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் அவற்றைப் பிடித்தபடி அவனைத் தமிழில் திட்டிக்கொண்டே போனேன்.

போன ஞாயிறு மருமகன் டெனிஸ்ரன் என்னையும் கிளோறியாவையும் சில்க்போர்க் பக்கம் ஒரு கார்ப் போட்டிக்குக் கூட்டிப்போனான். அவனுக்குப் பழைய கார் என்றால் சோறு தண்ணி வேண்டாம். வீடுகளில் வைத்து ஓடுகிற சாதாரண கார்களையே உள்ளே உரித்தெடுத்து, அந்த நாளில் சம்பியன் பட்டத்துக்கு ஓடினார்களாம். அதே கார்களை வருடத்தில் ஒருநாள் திரும்ப ஓடவிடுகிறார்கள்.

"வாங்கோ மாமி, கொஞ்சம் காத்துப் பட்ட மாதிரி இருக்கும்" என்றான். காற்றா அது? முழுக்கப் பெற்றோல் புகை. வீட்டில் பொரித்த றோல்ஸ் பெட்டியும் தேத்தண்ணிப் போத்தலும் சுமந்துகொண்டு, போட்டிக்கு முதல் கார்கள் நிற்கிற இடத்தில் அவன் பின்னால் நடந்தேன்.

ஏழாம் இலக்கத்தைக் கண்டதும் நின்றுவிட்டேன். வெள்ளை வொல்வோ, சிவப்புக் கோடு, நாலு லைற். யன்னலால் எட்டிப் பார்த்தேன். அந்தக் குழாயில் நீலமணிச் செபமாலை ஒன்று கறுப்பு ரேப் சுற்றி ஒட்டியிருந்தது. மடு மாதா கோயிலில் அம்மா வாங்கித் தந்தது! ஆஸ்பத்திரியில் யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

"ஐயோ மாதாவே, இது என்ரை அம்புலன்ஸ்!" என்றேன்.

"என்ன மாமி விசர்க்கதை? இது றேஸ் கார்" என்றான் டெனிஸ்ரன்.

காருக்கு மற்றப் பக்கத்திலிருந்து ஹெல்மெற்றும் கையுமாக ஒருவர் எழும்பினார். எழுபது தாண்டியிருக்கும். என்னைப் பார்த்தார், செபமாலையைப் பார்த்தார். ஹெல்மெற்றைக் கீழே வைத்துவிட்டார். பெயர் பிரெபன். டெனிஷ் பாசையில் கதைத்ததை என் வாயில் வருகிறபடியே சொல்கிறேன்.

"நீங்கள் அம்புலன்ஸ்காரர் இல்லையோ?"

"இல்லை. அண்டைக்கு அந்த வருசத்துக் கடைசிப் போட்டி. ஓடுறதுக்கு இஞ்சை வந்துகொண்டிருந்தனான்."

"அப்ப ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"நீங்கள் நடு ரோட்டிலை நிண்டனீங்கள். கதவைத் திறந்து ஏறினதும் நீங்கள்தான்."

டெனிஸ்ரன் குறுக்கே விழுந்து, எந்த வருடம், எத்தனை புள்ளி என்று கேட்டான். பிரெபன் நாலு புள்ளி முன்னுக்கு நின்றிருக்கிறார். அன்று காரைக் கடைசிவரை உருட்டிக்கொண்டு போயிருந்தாலே பட்டம் அவருக்குத்தான். போட்டி ஒரு மணிக்கு.

"ஆஸ்பத்திரியிலை என்னை இறக்கிப்போட்டுப் போயிருக்கலாமே!" எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"மூண்டு தரம் எழும்பினன். நீங்கள் கையை விடேல்லை. நேர்ஸ் என்னைத் தகப்பன் எண்டு நினைச்சிட்டா. பன்னிரண்டரைக்குப் பிள்ளை பிறந்தது" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நீலமாக் கிடந்தது. தூக்கிக்கொண்டு ஓடிச்சினம். நான் தகப்பன் இல்லை எண்டு சொன்னன், வெளியிலை போகச் சொல்லிச்சினம். சொந்தக்காரருக்குத்தானே சொல்லுவினம்? ஒருத்தரும் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை."

தெரியாத ஊரில், பாசை தெரியாமல், ஆறு மணித்தியாலம் நான் இறுக்கிப் பிடித்திருந்த கை இந்த மனுசனுடையது. நான் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இவர் முப்பத்தெட்டு வருடமாக அந்தப் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருந்திருக்கிறார்.

"கேக்கலாமோ?" என்றார். "அந்தப் பிள்ளை..."

கிளோறியா அப்போதுதான் கோப்பியும் கையுமாக வந்து, "அம்மா, எங்க போனீங்கள்?" என்று என்மேல் பாய்ந்தாள். அவளைத் தோளில் பிடித்து அவர் முன்னால் தள்ளினேன்.

"இந்தா, இவள்தான். அண்டைக்கு அழாததுக்கும் சேர்த்து இண்டைவரைக்கும் வாய் மூடேல்லை."

அவர் கிளோறியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்குள்ளே கண்கள் நிறைந்துவிட்டன. நானும் அழுதேன். "தூசின் தக்" என்றேன், ஆயிரம் நன்றி என்று. அது காணாது என்று பட்டது. "நீங்கள் நல்லா இருக்கோணும், பிரெபன். உங்களாலைதான் நான் அண்டைக்குத் தனியக் கிடக்கேல்லை" என்றும் சொன்னேன். அவர் செபமாலையைக் கழற்றித் தரப் பார்த்தார். தொடவேண்டாம், அங்கேயே கிடக்கட்டும் என்றேன்.

ஒலிபெருக்கி இரண்டாம் தரமும் ஓட்டிகளைக் கூப்பிட்டது. மற்றக் கார்கள் எல்லாம் வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தன. மனுசன் அசையவில்லை, கிளோறியாவின் கையையும் விடவில்லை.

"என்ன நிக்கிறியள்? ஒருக்கா என்னாலை விட்டது காணாதோ?" நான்தான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஹெல்மெற்றை எடுத்துக் கையில் திணித்து, முதுகில் கைவைத்துக் காருக்குள் தள்ளினேன்.

வரிசையின் கடைசியில்தான் இடம் கிடைத்தது. மூன்றாம் சுற்றில் ஒரு நீலக் காரை முந்த முயன்றார், அது விடவில்லை. நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்.

"டேய், விலத்தடா! அம்புலன்ஸ் வருகுது, வழி விடடா!"