கழுத்துக்கடியில் ஒரு கை

சமையலறை மேஜைமேல் பிளாஸ்டிக் பேசினை வைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, அவள் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக் குனிந்தாள். மூக்கு நுனி நனைந்ததும் உடம்பு தானாக நிமிர்ந்துவிட்டது. மறுபடி குனிந்தாள். மறுபடி நிமிர்ந்தாள். சலூனைப் பூட்டிவிட்டு வந்த புருஷன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"என்ன, மூஞ்சிய ஊறப்போடுறியா?"

அவள் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் முழுக்கு ஞானஸ்நானம். பேர் குடுத்துட்டேன்" என்றாள்.

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. அங்கே எல்லோருக்கும் அவள் ஊசி அக்கா. எவ்வளவு பயந்த ஆளையும் பேச்சுக் கொடுத்தே உட்காரவைத்து, வலிக்கு முன்னால் வேலையை முடித்துவிடுவாள். ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவளே சின்னப் பிள்ளை. எட்டு வயதில் வீட்டுத் தரைத் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தவள். வெளியே தூக்கியவர்கள் முதுகில் தட்டித் தட்டித்தான் மூச்சை வரவழைத்தார்கள். அன்றிலிருந்து முகத்தில் தண்ணீர் ஊற்றியதில்லை. தலைக்குக் குளிப்பதென்றால் குனிந்து, நெற்றியில் துண்டை அணைகட்டி, அரைமணி நேரப் போராட்டம்.

பாஸ்டருக்கு இது தெரியும். "தெளிச்சே குடுத்துடலாம்மா. ஆண்டவர் தண்ணிய அளந்து பாக்க மாட்டார்" என்று அவராகவே சொன்னார். அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் முழுகி எந்திரிக்கிறப்போ நான் மட்டும் ஏன் பாஸ்டர் அரைகுறையா? எனக்கு முழுசா வேணும்."

தங்கை இறந்த பிறகு அவள் கல்லாகிப் போயிருந்தாள். வேலைக்குப் போனாள், சமைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். கூட வேலை பார்க்கிற நர்ஸ் ஒருநாள் வற்புறுத்தி சபைக்கு அழைத்துப் போனாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எதற்கென்றே தெரியாமல் அழுதாள். தங்கையை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழுததில்லை. திரும்பிப் பார்க்காமல் முன்னாலிருந்த பெஞ்சிலிருந்து யாரோ கைக்குட்டையை மட்டும் பின்னால் நீட்டினார்கள். அதற்கு அடுத்த வாரமும் போனாள். இப்போது அடுப்படியில் பாட்டுச் சத்தம் கேட்கிறது. புருஷனுக்கு அதில் சந்தோஷம்தான். அவன் எந்தக் கோயிலுக்கும் போகிறவன் இல்லை. போகிறவளைத் தடுத்ததும் இல்லை. ஆனால் ஞானஸ்நானம் என்றதும் முகம் மாறிவிட்டது.

"உங்க பாஸ்டர் என்ன சொல்றாரு? தண்ணிக்குள்ள பழைய ஆள் செத்து, புது ஆள் எந்திரிக்கும்னுதானே?"

"ஆமா."

"அந்தப் பழைய ஆளைத்தான்டி நான் கட்டிக்கிட்டேன்."

அவள் பேசினைத் தூக்கித் தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள். கோபம் வரவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்.

"அவளை நீங்க பாத்தே ரொம்ப நாளாச்சுங்க. எனக்கே அவளைத் தெரியல."

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் காபி டம்ளரைக் கழுவி வைத்தபடி, சுவரைப் பார்த்துச் சொன்னான்: "குனிஞ்சு பழகுறது வேலைக்காகாது. அங்க மல்லாக்கதான சாய்ப்பாங்க?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன்னைக் கூப்பிட வந்தப்போ ஒருதடவை ஜன்னல் வழியா பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "சலூன் லீவு அன்னிக்கு வா" என்றான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. ஆண்கள் வந்து போகிற இடம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தலை அலசுகிற பேசின் பக்கம் அவளைச் சாய்த்தான். குளிர்ந்த பீங்கான் பிடரியில் பட்டதும் அவள் கழுத்தை விறைத்துக்கொண்டாள்.

"ஊசி போட வர்றவங்ககிட்ட என்ன சொல்லுவ?"

"கைய லூஸா விடுங்கன்னு."

"கழுத்த லூஸா விடு. நீ தூக்கிப் பிடிக்காத, நான் பிடிச்சுக்கிறேன்."

அவன் இடது கை கழுத்துக்கடியில் வந்தது. எத்தனையோ ஆயிரம் தலைகளைத் தாங்கிய கை. அதன் பிடி இப்படி இருக்குமென்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தண்ணீர் முதலில் பின்னந்தலையில் ஓடியது, பிறகு காதோரம், பிறகு நெற்றி. முகத்துக்கு வந்தபோது அவள் கத்திக்கொண்டு எழுந்து, அவன் சட்டையையெல்லாம் நனைத்துவிட்டாள். அவன் திட்டவில்லை. துண்டைக் கொடுத்து, "இன்னொரு தடவ" என்றான்.

அடுத்த லீவு நாளில் முகத்தில் விழுந்த தண்ணீரைக் கொஞ்சம் பொறுத்தாள். அதற்கடுத்த லீவில், ஒரு குவளை முழுதும் ஊற்றி முடிகிறவரை அசையாமல் கிடந்தாள். அப்போதுதான் தலைக்கு மேலிருந்து அவன் குரல் வந்தது. கேலி போலத்தான் இருந்தது, ஆனால் கழுத்துக்கடியில் பிடி இறுகியது.

"எந்திரிச்சு வந்து, நீ யாருய்யான்னு கேட்டுட மாட்டியே?"

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "கேட்டா என்ன? பேரச் சொல்லுங்க. புதுசா பழகிக்குவோம்."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்ததில் வாய்க்குள் தண்ணீர் போனது. அதற்குக்கூட அவள் பயப்படவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

ஞானஸ்நான ஞாயிற்றுக்கிழமை, சபையில் மேடைப் பலகைகளை எடுத்துவிட்டு, அடியிலிருந்த தொட்டியை நிரப்பியிருந்தார்கள். அவள் முறை வந்ததும் வெள்ளை அங்கியோடு படியிறங்கினாள். தண்ணீர் இடுப்பைத் தொட்டது. பாஸ்டர் ஒரு கையை அவள் முதுகில் வைத்து, "பயமா இருக்காம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"கழுத்துல பிடிங்க பாஸ்டர். மத்தத நான் பாத்துக்கிறேன்."

ஒலிவாங்கி அதையும் சபை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிரிப்பு எழுந்து அடங்கியது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்ற குரல் கேட்டது. அவள் உடம்பை விட்டாள். தண்ணீர் காதுகளை மூடி, கண்களை மூடி, மேலே ஒன்றுசேர்ந்தது. எட்டு வயதுப் பெண் எங்கேயாவது கைகாலை உதைப்பாள் என்று எதிர்பார்த்தாள். ஒருத்தியும் உதைக்கவில்லை.

எழுந்தபோது மூக்கில் தண்ணீர் ஏறி, பெரிதாகத் தும்மினாள். சபை கைதட்டிப் பாட ஆரம்பித்தது. அவன் கடைசி வரிசையில், பாடாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். உடை மாற்றும் அறையில் பாஸ்டரம்மா அவள் காதில் சொன்னாள்: "நீங்க உள்ள போனதிலேருந்து வெளிய வர்ற வரைக்கும் உங்க வீட்டுக்காரர் மூச்சே விடலம்மா. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

பைக்கில் பின்னால் உட்கார்ந்தாள். ஈரக் கொண்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவன் முதுகில் வட்டவட்டமாகப் படர்ந்தது. சிக்னலில் நின்றபோது, முகத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"உள்ள என்ன தெரிஞ்சுது?"

அவள் யோசித்தாள். "ஒண்ணும் தெரியல. சத்தமே இல்ல. ஆனா தனியா இல்லன்னு மட்டும் தெரிஞ்சுது."

பச்சை விழுந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையில் திரும்பாமல் நேரே போனான்.

"எங்கங்க போறோம்?"

"சும்மாதான். முடி காயட்டும்."

ஊர் முடிகிற இடத்தில் சாலை அகலமாகி, இருபுறமும் கட்டடங்கள் குறைந்தன. அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். பின்னாலிருந்து அடித்த காற்று அதை அள்ளி எடுத்து, அவன் தோளுக்கு மேலே, கண்ணாடிக்கு முன்னே, வெயிலில் வீசிப் போட்டது.