வில்ஃப் சொன்ன சாரி

"கோர்ட், வக்கீல் செலவுக்கான காப்பும் சேர்த்துக்கலாமா மேடம்? வருஷத்துக்கு இருபத்தெட்டு பவுண்டு கூட வரும்."

ஃபோனில் பேசிய பெண்ணின் பெயர் ஜெம்மா. கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க அழைத்திருந்தாள் க்ளெனிஸ். போன வருடம் இதே கேள்விக்கு, இதே சமையலறை மேசையில் உட்கார்ந்து, அவள் கணவர் வில்ஃப்தான் பதில் சொன்னார்.

"கோர்ட்டுக்குப் போற மூஞ்சியாம்மா இது? வேணாம். அந்தக் காசுக்கு நானும் என் பொண்டாட்டியும் மீனும் சிப்ஸும் சாப்பிட்டுக்கிறோம்."

சொன்னபடி சாப்பிடவும் செய்தார்கள்.

ஏப்ரலில், அவர்கள் ஊரான ஹல்லின் ரவுண்டானா ஒன்றில், ஒரு வேன் பாய்ந்து வந்து அவர்கள் காரின் பக்கவாட்டில் இடித்தது. வேன்காரன் வழிவிட்டு நிற்காமலே உள்ளே நுழைந்தான் என்பதைப் பக்கத்து இருக்கையிலிருந்த க்ளெனிஸ் கண்ணால் கண்டாள். ஆனால் இந்த மனுஷன் என்ன செய்தார்? இறங்கிப் போய், வெலவெலத்து நின்ற அவன் தோளைத் தட்டி, "சாரிப்பா, சாரி. அடி ஒண்ணும் படலையே?" என்றார். அந்த ஊரில் காலை மிதித்தவனுக்கு முன்னால் மிதிபட்டவன் சாரி சொல்லிவிடுவான். பாழாய்ப்போன பழக்கம்!

வேன்காரன் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "அவரே மன்னிப்புக் கேட்டாரே" என்றான். வேறு சாட்சி இல்லை. பெண்டாட்டி பார்த்தது எடுபடவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியும் மல்லுக்கட்ட விரும்பாமல், தப்பு வில்ஃப் மேல்தான் என்று முடித்துவிட்டது. எதிர்த்து வழக்காட வக்கீல் வைக்க அவர்களிடம் வசதியும் இல்லை, அந்தக் காப்பும் இல்லை.

காலமெல்லாம் பஸ் ஓட்டி, ஒரு கீறல்கூட விழவிடாத மனிதர் அதன்பிறகு சாவியைத் தொடவில்லை. டீ ஆறிக்கொண்டிருக்கும்; அவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

"நான்தான் பாக்காம விட்டுட்டேனோ க்ளெனி?"

"இல்ல வில்ஃப். நான் பாத்தேன்ல?"

"நீ என் பொண்டாட்டி. அப்படித்தான் சொல்லுவ."

ஜனவரியில் மாரடைப்பு வந்து போய்விட்டார். அந்தச் சந்தேகம் தீராமலே போனார். அதுதான் க்ளெனிஸுக்கு ஆறவேயில்லை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. பாலிசியில என் வீட்டுக்காரர் பேர எடுத்துடு. இறந்துட்டார்."

"அடடா..." ஜெம்மா கொஞ்சம் தயங்கினாள். "அவர் பேர எடுத்தா அந்த விபத்தும் கணக்குலேர்ந்து போயிடும் மேடம். பிரீமியம் குறையும்."

இருந்தவரை அவர் மேலிருந்து யாரும் இறக்காத பழி, செத்ததும் தானாக இறங்குகிறது.

"இந்தக் காப்பப் போட்டா, அவர் கேஸ எடுத்துப் பேசுவாங்களா?"

"இல்ல மேடம், இனிமே நடக்கிறதுக்குத்தான். சாரி மேடம். ரொம்ப ரொம்ப சாரி."

"நீ ஏம்மா சாரி சொல்ற?" க்ளெனிஸ் உடைந்து அழுதாள். "சொல்லாத கண்ணு. தப்ப உன் தலையில கட்டிடுவாங்க."

க்ளெனிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் காப்பையும் சேத்துக்கோ," என்றாள். "நானும் இந்த ஊர்க்காரிதானே."