ஒட்டுத் தெரியாத வெட்டு

அடித்த கணவனை விட்டு மனைவி கிளம்பிப் போகும் காட்சி அது. குடும்பங்களைக் கெடுத்துவிடும் என்று அந்த நான்கு நிமிடத்தை வெட்டச் சொன்னது அரசின் தணிக்கைக் குழு. இயக்குநர் வழக்குப் போட்டார். வெட்டிய படத்தைத் தானே பார்க்க வேண்டும் என்றார் நீதிபதி. வெட்டிக் கொடுத்தவள் படத்தின் எடிட்டர். இயக்குநரின் மனைவியும் அவள்தான்.

அங்கேதான் வந்தது வினை. காட்சியை நீக்கிய இடத்தை ஓட்டையாக விட அவளுக்குக் கை வரவில்லை. பதினெட்டு வருடப் பழக்கம். வேறு இடத்திலிருந்து கதாநாயகியின் சிரிப்பு ஒன்றை எடுத்து ஒட்டி, மேலே மழைச் சத்தத்தைப் பரப்பிவிட்டாள்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அரசு வக்கீலுக்கு வாயெல்லாம் பல்.

"பாருங்க ஐயா, நாலு நிமிஷம் போனதே தெரியல. என்ன குறைஞ்சு போச்சு?"

நீதிபதி மெல்லத் தலையசைத்தார்.

கணவன் அவள் காதருகே சீறினான். "அவங்களுக்கு நீயே வக்கீலாயிட்ட. அப்படியே விடுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

"அசிங்கமா இருந்துச்சு, டைரக்டர் சார். பொறுக்கல." அவளுக்குக் கோபம் வந்தால் அவன் 'சார்' ஆகிவிடுவான்.

சொல்லிவிட்டு எழுந்தே விட்டாள். "ஐயா, இதை வெட்டினது நான்தாங்க."

"நல்லாவே வெட்டியிருக்கீங்கம்மா."

"அதுதாங்க தப்பு. கடைசியில அந்தப் பொண்ணு புருஷனைப் பார்த்துச் சிரிக்குதுல்ல? அது அவனுக்காகச் சிரிச்சது இல்லீங்க. முதல் பாதியில பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சிரிச்சது. இங்க கொண்டுவந்து ஒட்டிட்டேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அவ அவனை மன்னிக்கலையா?"

"அவ மன்னிக்கலைங்க. நான்தான் மன்னிக்க வச்சுட்டேன்."

அரசு வக்கீல் எழுந்தார். அவரை உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, "முழுப் படத்தையும் போடுங்க," என்றார் நீதிபதி.

மாலையில் தீர்ப்பு வந்தது. வயது வந்தவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழோடு, நான்கு நிமிடமும் படத்தில் இருக்கலாம்.

படியிறங்கும்போது கணவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "உன் வேலையை நீயே நாலு பேர் முன்னாடி தப்புன்னு சொல்லிட்டியே. வருத்தமா?"

"இருக்காதா பின்னே? அந்த மழைச் சத்தத்துக்கு மட்டும் ரெண்டு நாள் உட்கார்ந்தேன்."

"சத்தியமா நல்லா இருந்துச்சு."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். 'சார்' போய்விட்டிருந்தது.